ஈ, தா, கொடு

ஒருவரிடம் ஒன்றைக் கேட்டுப் பெறுவதற்குத் தமிழிலே மூன்று சொற்கள் உள. ஈ, தா, கொடு என்பன அவை. மேலோட்டமாக நோக்குமிடத்து மூன்றும் ஒரே பொருளனவாகவே தோன்றும். ஆயின், தொல்காப்பியர் சொல்லதிகாரத்திலே இவற்றை நுட்பமாக வேறுபடுத்துகின்றார். 'ஈ' என்பது தன்னினும் உயர்ந்தவனை நோக்கித் தாழ்ந்தவன் கூறுவது. 'தா' என்பது ஒத்தவனை நோக்கி ஒத்தவன் கூறுவது. 'கொடு' என்பது தாழ்ந்தவனை நோக்கி உயர்ந்தவன் கூறுவது. உயர்தர வகுப்பிலே இதனைக் கற்பிக்கும் நாம், பழந்தமிழ்ச் சமுதாயத்தின் ஏற்றத்தாழ்வு மொழியிலும் படிந்திருந்தமைக்குச் சான்றென்று ஒரு வாக்கியம் சொல்லிவிட்டு அடுத்த நூற்பாவுக்குப் போய்விடுவது வழக்கம். அந்த ஏற்றத்தாழ்வு ஏட்டோடு முடிந்துபோன ஒன்றன்று என்பதை, மாத்தளை மாவட்டத்துத் தோட்டமொன்றிலே கண்ட ஒரு சக்கர நாற்காலி நமக்கு உணர்த்தியது.

நக்கிள்ஸ் மலைத்தொடரின் மேற்குச் சரிவிலே, எல்கடுவை, ரத்தோட்டைப் பகுதிகளிலே தேயிலைத் தோட்டங்கள் பல உள. அவற்றுள் ஒன்றிலிருந்து நம் பாடசாலைக்கு வந்துகொண்டிருந்தாள் ஒரு மாணவி. பிறவியிலேயே கால்கள் வலுவிழந்தவள். எட்டாந் தரம் வரை தந்தையார் அவளை முதுகிற் சுமந்து வந்தார். வளர்ந்த பெண்ணைத் தகப்பன் சுமப்பது அயலார் கண்ணுக்கு உறுத்தலாகவும், அவளுக்கே கூச்சமாகவும் ஆனபோது வரவு நின்றது. வரவு இடாப்பிலே அவள் பெயருக்கு நேரே கட்டங்கள் வெறுமையாயின. பின்னர் ஒரு கிறிஸ்தவ அறநிறுவனம் விழா எடுத்துச் சக்கர நாற்காலிகளை இலவசமாக வழங்கியது. அவளுக்கும் ஒன்று கிடைத்தது. மாலை, உரை, நிழற்படம் யாவும் முறைப்படி நிகழ்ந்தன. மறுவாரம் அவள் பாடசாலைக்கு வருவாளென நாம் எதிர்பார்த்தோம். அவள் வரவில்லை.

காரணம் அறிய லயத்துக்குச் சென்றோம். தோட்டப் பாதையிலிருந்து லயத்துக்கு இறங்கும் கற்படிகளை எண்ணினோம், நாற்பத்து மூன்று. நாற்காலி காம்பராவின் மூலையிலே இருந்தது. அதன்மேல் மடித்த கொழுந்துச் சாக்குகளும் தம்பியின் புத்தகங்களும் இருந்தன. வைத்தியசாலையின் வழவழப்பான தரைக்கென அமைந்த அதன் சிறிய முன்சக்கரங்கள் வாசலின் ஈரமண்ணிற் புதைந்துவிடுகின்றன என்றார் தந்தையார். "குடுத்தவங்கள நாம குறை சொல்லக் கூடாதுங்க சேர்" என்றார் தாயார். மாணவி மட்டும், "நாற்காலி நல்லாத்தான் இருக்குது சேர். போறதுக்குப் பாதைதான் இல்ல" என்றாள். தாயாரின் கூற்று, 'ஈ' என்றே கேட்டுப் பழக்கப்பட்ட ஒரு மக்கட் கூட்டத்தின் கூற்று. மகளின் கூற்றோ விமரிசனம். இக்கட்டுரை அவ்விமரிசனத்தின் விரிவேயாகும்.

நன்கொடையாளரின் உள்ளத்தைச் சந்தேகிப்பது நம் நோக்கமன்று. இத்துறையிற் பெயர்பெற்ற ஒரு நிறுவனத்தின் வரலாற்றையே எடுத்துக்கொள்வோம். 1970களின் இறுதியில் மொறோக்கோ நாட்டின் தெத்துவான் நகரிலே, புழுதி படிந்த பாதையைக் கைகளால் தன்னுடலை இழுத்து இழுத்துக் கடந்த பெண்ணொருத்தியை டொன் ஷோண்டோர்ஃபர் என்னும் அமெரிக்கப் பொறியியலாளர் கண்டார். அக்காட்சி இரு தசாப்தங்களாக அவரை விடவில்லை. தோட்டங்களிற் போடும் மலிவான வெள்ளைப் பிளாஸ்டிக் நாற்காலியையும் சைக்கிள் சக்கரங்களையும் இணைத்து, மிகக் குறைந்த செலவில் ஒரு சக்கர நாற்காலியை அவர் அமைத்தார். முதல் நான்கு நாற்காலிகள் 2001-ல் இந்தியாவுக்கு எடுத்துச் செல்லப்பட்டன. அவ்வாண்டே 'ஃபிரீ வீல்செயர் மிஷன்' என்னும் கிறிஸ்தவ அறநிறுவனம் கலிபோர்னியாவில் உருவாயிற்று. அன்றிலிருந்து அது வழங்கிய நாற்காலிகள் பத்து இலட்சத்துக்கும் அதிகம். தரையில் ஊர்ந்த மனிதர் பத்து இலட்சம் பேர் தரையிலிருந்து எழுந்து அமர்ந்தனர் என்பது சிறிய செய்தியன்று. அதனை எள்ளி நகையாடும் உரிமை, இரு கால்களால் நடந்து திரியும் விமரிசகர் எவருக்கும் இல்லை.

ஆயின், இத்தகைய பணிகள் தமக்கென ஓர் இலக்கியத்தையும் படைத்துக்கொள்கின்றன. துண்டுப் பிரசுரங்கள், ஆண்டறிக்கைகள், நன்கொடை வேண்டும் மடல்கள் ஆகியனவே அவ்விலக்கியம். இலக்கிய மாணவர்களாகிய நாம் அதனை இலக்கியமாகவே வாசித்துப் பார்க்க வேண்டும். அதன் கதையமைப்பு பெரும்பாலும் ஒன்றே. தொடக்கத்திலே புழுதியும் கண்ணீரும், நடுவிலே கடலுக்கு அப்பாலிருந்து வரும் நாற்காலி, முடிவிலே புன்னகை. முதற் படம், மறு படம் என இரு நிழற்படங்கள் அருகருகே நிற்கும். இக்கதையின் தலைமைப் பாத்திரம் யார்? நாற்காலியில் அமர்ந்தவரல்லர், அதனை அனுப்பியவர். அமர்ந்தவருக்குப் பெயர் உண்டு, தொழில் இல்லை. நன்றி உண்டு, கருத்து இல்லை. நாற்காலி கிடைத்த மறுநாட் காலையில் அவர் எங்கே போனார், போக முடிந்ததா, எந்த வாசலில் நின்றுவிட்டார் என்பதைக் கதை சொல்வதில்லை. அது புன்னகையோடு முடிந்துவிடுகின்றது. யதார்த்தமான எழுத்தாளனுக்கோ கதை அங்கேதான் தொடங்கும்.

இவ்விலக்கியத்தின் மற்றொரு குறைபாடு, அதில் விளைவு உண்டு, காரணம் இல்லை என்பது. ஒருத்தி ஊர்ந்து செல்கிறாள் என்றால், நாற்காலி இல்லாமையே முழுக் காரணமாகக் காட்டப்படுகின்றது. அவளுடைய நாட்டிலே வைத்தியசாலை ஏன் எட்டாத தொலைவில் இருக்கின்றது, பாதை ஏன் போடப்படவில்லை, அவளுடைய கூலி ஏன் ஒரு நாற்காலி வாங்கப் போதாதிருக்கின்றது என்னும் வினாக்கள் எழுவதில்லை. எழுந்தால், நாற்காலி அனுப்பும் நாடுகளுக்கும் பெறும் நாடுகளுக்கும் இடையிலுள்ள பழைய கொடுக்கல் வாங்கல் கணக்கையும் புரட்டிப் பார்க்க நேரிடும். கோப்பியும் தேயிலையும் இந்த மலைகளிலிருந்து எங்கே போயின என்பதை மாத்தளையார் அறிவர்.

நாற்காலியைப் பற்றிய அறிவியல் விமரிசனமும் உண்டு. உலக சுகாதார நிறுவனம் 2008-ல் குறைந்த வளமுள்ள சூழல்களுக்கென வழிகாட்டி நெறிகளை வெளியிட்டது. சக்கர நாற்காலி எல்லோருக்கும் ஒரே அளவில் விநியோகிக்கத்தக்க பண்டமன்று என்பதே அதன் சாரம். பயன்படுத்துவோரின் உடலையும் வீட்டையும் தொழிலையும் ஆராய்வது, அளவுக்கேற்பப் பொருத்துவது, பயிற்றுவது, பழுதுபார்ப்பது என எட்டுப் படிகளை அது வகுத்தது. உடலுக்குப் பொருந்தாத இருக்கையில் நெடுநேரம் அமர்ந்தால் அழுத்தப் புண் உண்டாகும்; முள்ளந்தண்டு பாதிக்கப்பட்டவருக்கு அப்புண் உயிரையே பறிக்கவுங் கூடும். அன்பும் அளவுநாடாவும் ஒன்றாகச் செல்ல வேண்டும் என்று இதனைச் சுருக்கிக் கூறலாம். ஒன்றை நேர்மையாகச் சொல்ல வேண்டும். மேற்குறித்த அமெரிக்க நிறுவனம் ஒரே அளவான பிளாஸ்டிக் நாற்காலியோடு நின்றுவிடவில்லை. வெவ்வேறு அளவுகளில், பொருத்தி மாற்றத்தக்க புதிய மாதிரிகளை அது பின்னர் செய்தது. குறை கூறுவது நன்றிகேடன்று என்பதற்கு இதுவே சான்று.

ஆயினும், எவ்வளவு நன்றாகப் பொருந்தும் நாற்காலியும் நாற்பத்து மூன்று படிகளை ஏறமாட்டாது. நம் மாணவியின் சொல்லுக்கே திரும்புவோம். பாதை ஏன் இல்லை?

இம்மக்களின் முன்னோர் இந்த மாவட்டத்துக்கு நடந்தே வந்தவர்கள். மன்னார்க் கரையில் இறங்கி, காட்டுவழியாகத் தம்புள்ளையைக் கடந்து மாத்தளையை வந்தடைந்தனர். பசியாலும் நோயாலும் வழியிலே வீழ்ந்தோர் பலர். புகைவண்டி 1880-ல் மாத்தளைக்கு வந்தது; அது கோப்பிக்காக வந்தது. நடந்து வந்தவர்களுக்கென்று சரிவுகளிலே லயங்கள் எழுந்தன. தேயிலை வளரத்தக்க நிலத்தை வீணாக்காது, எஞ்சிய இடத்திலே நெருக்கி அமைக்கப்பட்ட அக்காம்பராக்கள், உழைக்கத்தக்க உடலை இரவு கிடத்தி வைப்பதற்கான இடங்களாகவே கருதப்பட்டன. கொழுந்து எடுக்க இயலாத உடலுக்கு அக்கணக்கிலே இடமே இல்லை. தோட்டங்கள் 1970களில் அரசுடைமையாயின. 1992-ல் முகாமை மீண்டும் கம்பெனிகளின் கைக்குப் போயிற்று. கைகள் மாறின, படிகள் மாறவில்லை. பரம்பரை பரம்பரையாக லயத்தில் வாழ்ந்தும் அந்த நிலம் தொழிலாளிக்குச் சொந்தமன்று. தன் மகளுக்காக நான்கு முழச் சாய்தளம் ஒன்றை வெட்டுவதற்கும் ஒரு தகப்பன் தோட்ட நிருவாகத்தின் அனுமதியைக் கேட்க வேண்டும். அவன் அதனை எச்சொல்லாற் கேட்பான்? 'ஈ' என்பதைத் தவிர வேறு சொல்லை அவனுக்கு யார் கற்பித்தார்கள்?

கிறிஸ்தவப் பணி என்றாலே இத்தகைய கொடைதான் என்று முடிவுகட்டுவதும் தவறாகும். வைத்தியத்துக்காகக் கடல் கடந்து செல்லும் நம்மவருக்கு வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி புதிய பெயரன்று. அங்கே மேரி வர்கீஸ் என்னும் இளம் வைத்தியர் 1954-ல் கார் விபத்தொன்றில் முள்ளந்தண்டு அடிபட்டு இரு கால்களின் இயக்கத்தையும் இழந்தார். சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே தொழுநோயாளரின் கைகளுக்குச் சத்திரசிகிச்சை செய்யப் பழகினார். பின்னர் வெளிநாடு சென்று புனர்வாழ்வு மருத்துவம் கற்று மீண்டு, வேலூரில் அத்துறைக்குத் தலைமை தாங்கினார். அங்குப் புனர்வாழ்வு நிலையம் 1966-ல் எழுந்தது. நாற்காலியின் உயரம் என்ன, வாசலின் அகலம் என்ன, கதவைத் திறக்கும் கைக்கு எவ்வளவு தூரம் எட்டும் என்பதை அவர் பிறருக்காகக் கருணையோடு ஊகிக்க வேண்டியதில்லை, தம்முடலாலேயே அறிந்திருந்தார். அதே கல்லூரியிலே, கொல்லிமலையிற் பிறந்த போல் பிராண்ட் என்னும் சத்திரசிகிச்சையாளர், உணர்விழந்த பாதங்களைப் புண்ணிலிருந்து காக்கத்தக்க மென்மையான ரப்பர் செருப்புகளை உருவாக்கும் முயற்சியில் ஈடுபட்டார். தொழுநோயாளர் எப்படி நடக்கின்றனர், எந்த இடத்திற் பாதம் அழுந்துகின்றது என்று பார்த்துப் பார்த்துச் செய்யப்பட்ட செருப்புகள் அவை. இங்கே கொடுப்பவர் மேலேயும் பெறுபவர் கீழேயும் இல்லை. இது 'தா' என்னுஞ் சொல்லுக்கு உரிய இடம்.

மதச் சார்பில்லாத மற்றோர் எடுத்துக்காட்டும் நமக்கு உண்டு. ஜெய்ப்பூர் நகரிலே ராம் சந்திர சர்மா என்னும் கைவினைஞரும் பி. கே. சேத்தி என்னும் வைத்தியரும் சேர்ந்து 1968-ல் ஒரு செயற்கைக் காலை அமைத்தனர். மேல்நாட்டுச் செயற்கைக் கால் சப்பாத்து அணிபவனுக்கு உரியது. நாற்காலியில் அமர்பவனுக்கு உரியது. ஜெய்ப்பூர்க் காலோ வெறுங்காலோடு நடப்பவனுக்கு, குந்தி அமர்பவனுக்கு, வயற்சேற்றில் இறங்குபவனுக்கு உரியது. அதனால்தான் அது நம் நாட்டிலும் ஏற்றது. கொழும்பிலே 1831 முதல் இயங்கிவரும் நட்புறவுச் சங்கமொன்று 1980களில் அதனை இங்கே செய்யத் தொடங்கியது. போரின் நடுவே 1987-ல் யாழ்ப்பாணத்திலும் ஒரு ஜெய்ப்பூர் நிலையம் தோன்றியது. சாதனம் மண்ணிலிருந்து முளைக்க வேண்டும் என்பதே இதிலிருந்து நாம் பெறும் பாடம். மாத்தளையின் மலைச்சரிவையும் மழையையும் அறியாத நாற்காலி, எவ்வளவு விலையுயர்ந்ததாயினும், சாக்கு வைக்கும் பலகையாகவே முடியும்.

அறநிறுவனங்கள் தம் பணிக்கு ஆதாரமாகக் காட்டும் சுவிசேஷத்திலேயே இதற்கு விடை இருப்பதாக நமக்குத் தோன்றுகின்றது. கப்பர்நகூம் ஊரிலே இயேசு ஒரு வீட்டில் இருந்தபோது, நடக்க இயலாத ஒருவனை நால்வர் படுக்கையோடு சுமந்து வந்தனர். வாசலிலே கூட்டம், உள்ளே செல்ல வழியில்லை. அவர்கள் திரும்பிப் போகவில்லை. கூரைமேல் ஏறி, கூரையைப் பிரித்து, அவனை உள்ளே இறக்கினர். இக்கதையை வாசிப்போர் பெரும்பாலும் அற்புதத்தையே நோக்குவர். நாம் கூரையை நோக்குகின்றோம். அந்நால்வரும் அவனுக்கு நல்லதொரு படுக்கையைக் கொடுத்துவிட்டு வீடு திரும்பியிருக்கலாம். அப்படிச் செய்யாமல், அவனைத் தடுத்த கட்டடத்திலே கை வைத்தார்கள். படுக்கை கொடுப்போர் இன்று பலர். கூரை பிரிப்போர் எத்தனை பேர்? கூரை பிரித்தால் வீட்டுக்காரன் கோபிப்பான். தோட்டக் கம்பெனியும் கோபிக்கும், நகரசபையும் கோபிக்கும், விழாவுக்கு வந்து மாலை ஏற்ற பிரமுகரும் கோபிப்பார்.

இனி அரசின் கடமைக்கு வருவோம். உடல் வலுவிழந்தோரின் உரிமைகளைப் பாதுகாக்கும் 28-ஆம் இலக்கச் சட்டம் 1996-ல் நம் நாட்டில் நிறைவேறியது. பொதுக் கட்டடங்களில் அவர்கள் தடையின்றிச் செல்வதற்கான விதிகள் 2006-ல் ஆக்கப்பட்டன. மரமொன்று சாய்ந்து வீழ்ந்ததனால் நடக்கும் ஆற்றலை இழந்த அஜித் பெரேரா என்னும் இரசாயனவியலாளர் தொடுத்த வழக்கிலே, புதிய பொதுக் கட்டடங்கள் இவ்விதிகளுக்கு அமைய வேண்டுமென 2011-ல் உயர் நீதிமன்றம் கட்டளையிட்டது. ஐக்கிய நாடுகளின் சாசனத்தை இலங்கை 2016-ல் உறுதிப்படுத்தியது. தனிமனிதனின் நடமாட்டத்துக்கெனவே ஒரு பிரிவு அதில் உண்டு. 2012-ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி, ஐந்து வயதுக்கு மேற்பட்ட ஆயிரம் பேரில் 87 பேர் ஏதோவொரு வகை இயலாமையோடு வாழ்பவர்கள். ஆகவே நாம் பேசுவது அரிதாக நிகழும் ஒரு துயரைப் பற்றியன்று. வகுப்புக்கு ஓரிருவர் என்னும் அளவிலான சாதாரண வாழ்வைப் பற்றி.

இங்கே கேட்கப்பட வேண்டிய சொல் 'கொடு' என்பதே. குடியாட்சியிலே குடிமகனே உயர்ந்தோன். அரசும் உள்ளூராட்சி மன்றமும் அவனுக்குப் பணிசெய்வன. ஆனால், மலையகத்தான் 'கொடு' என்று சொல்லுவதற்கு முதலில் குடிமகனாக இருக்க வேண்டுமன்றோ? 1948-ஆம் ஆண்டுச் சட்டம் அவனிடமிருந்து அதைத்தான் பறித்தது. குடியுரிமைப் பிரச்சினையின் மிச்சத்தைத் தீர்ப்பதற்கான சட்டம் 2003-ல்தான் வந்தது. அரை நூற்றாண்டுக்கு மேலாக 'கொடு' என்று சொல்லும் வாயைக் கட்டிவைத்துவிட்டு, பின் அவன் நன்றியுடையவனாக இருக்கின்றான் என்று மெச்சுவது எத்தகைய நீதி? அந்தத் தாயாரின் பணிவு இயல்பானதன்று; அது சட்டம் போட்டு வளர்க்கப்பட்ட பணிவு.

பிறரை விமரிசிக்கும் நாம் நம்மையும் பார்த்துக்கொள்ள வேண்டும். முற்போக்காளராகிய நம்மிடையே, தருமம் என்பது சமூக மாற்றத்தைத் தள்ளிப்போடும் தந்திரம் என்று கூறி ஒதுங்குவோர் உளர். சமூக மாற்றம் வரும்வரை ஒரு பெண் தரையில் ஊர்ந்துகொண்டிருக்கட்டும் என்பது தத்துவமன்று; இரக்கமின்மை. கொம்புத்தேனுக்கு ஆசைப்பட்ட முடவனைப் பற்றிய பழமொழியை நாமும் வகுப்பிலே உவமைக்குச் சான்றாகக் கற்பித்திருக்கின்றோம். தேனுக்கு ஆசைப்பட்டது அவன் குற்றமென்று நகைக்கும் அப்பழமொழி, ஏணி ஏன் வைக்கப்படவில்லை என்று கேட்பதில்லை. அதை நாமும் கேட்டதில்லை. தேர் ஓடுவதற்குத் தெருவைச் செப்பனிடத் தெரிந்த ஊர் இது. முத்துமாரியம்மனின் ஐந்து தேர்கள் மாத்தளை வீதிகளிலே உலா வருவதை ஆண்டுதோறும் காண்கின்றோம். சக்கரத்துக்கு வழி அமைப்பது நமக்குத் தெரியாத கலையன்று.

நம் பாடசாலையிலே பத்தாந் தர வகுப்பு மேல்மாடியில் இருந்தது. நாற்காலி வழங்கிய நிறுவனத்தின் மேற் குறை கண்ட நாம், அந்த மாடிப்படியை ஒரு குறையாகக் கண்டதேயில்லை. லயத்திலிருந்து திரும்பிய பின்னரே அது கண்ணிற் பட்டது. ஆசிரியர் கூட்டத்திலே பேசி, வகுப்பைக் கீழே மாற்றினோம். ஒரு சதமும் செலவாகவில்லை. மேசை கதிரைகளை மாணவர்களே இறக்கினார்கள். அரை நாள் வேலை. அந்த அரை நாளைக் கண்டுபிடிக்க நமக்கு இரண்டு ஆண்டுகள் வேண்டியிருந்தன.

இப்பொழுது அவள் வாரத்தில் மூன்று நாள் வருகின்றாள். அயல் லயத்து இளைஞர்கள் வேலையில்லாத நாட்களில் நாற்காலியையும் அவளையும் படியேற்றி விடுகின்றார்கள். மற்றை இரண்டு நாட்களும் படிகளுக்குச் சொந்தம். பாதை கேட்டுத் தோட்ட நிருவாகத்துக்கும் பிரதேச சபைக்கும் அனுப்புவதற்கு வகுப்பு மாணவர் ஒரு விண்ணப்பம் வரைந்தனர். கடித இலக்கணத்தை நாம் கற்பித்தபடியே, தாழ்மையும் தயவும் நிறைந்த சொற்களால் அதனை முடித்திருந்தார்கள். அவள் அதை வாசித்துவிட்டு, "சேர், இதுல நாங்க மூணு சொல்லுல எந்தச் சொல்லச் சொல்றோம்?" என்று கேட்டாள். உயர்தர வகுப்புக்கு உரிய நூற்பாவை ஒருநாள் பேச்சோடு பேச்சாக அவ்வகுப்பிலும் சொல்லியிருந்தோம், அவள் மறக்கவில்லை. விண்ணப்பத்தின் கடைசிப் பந்தி திருத்தி எழுதப்பட்டது. மரியாதை அப்படியே இருக்கின்றது. கெஞ்சல் மட்டும் நீக்கப்பட்டது. சட்டத்தின் இலக்கமும் ஆண்டும் சேர்க்கப்பட்டன.

பாதை இன்னும் வரவில்லை. ஆசிரியத் தோழர்களும் மாணவ நண்பர்களும் தத்தம் பாடசாலையின் படிகளை நாளைக் காலையில் ஒருமுறை எண்ணிப் பார்ப்பார்களாக. எண்ணியபின், கீழே இறக்கத்தக்க வகுப்பை இறக்குவதும், இறக்க முடியாததற்குச் சாய்தளம் கேட்பதும் அவர்களால் இயலும். அறநிறுவனத்தாரிடம் 'தா' என்போம். அவர்கள் நம் தோழராகலாம். அரசிடமும் கம்பெனியிடமும் 'கொடு' என்போம். அது அவர்தம் கடன். 'ஈ' என்னுஞ் சொல்லைத் தொல்காப்பியத்திலே வைத்துக் கற்பிப்போம். அது அங்கேயே இருக்கட்டும்.